சாம்பல் நிறப் புத்தகம்: வெளிநாட்டில் கார் ஓட சர்வதேச அனுமதிப்பத்திரம் எடுத்த அனுபவம்

ஐந்து மாதம் கனடாவின் ஸ்காபரோவில் தங்கச்சி வீட்டில் இருந்துவிட்டுத் திருகோணமலைக்குத் திரும்பி வந்த நாளிலிருந்து, உவர்மலையில் அயலட்டைக்காரர், பள்ளிக்கூடத்தில் கூடப் படிப்பிக்கும் ஆசிரியர்கள், பத்திரகாளி அம்மன் கோயில் வாசலில் கண்டவர்கள் என்று எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அங்கே கார் ஓடினீங்களாமே, லைசன்ஸ் எப்படி எடுத்தீங்கள்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறேன், தேவையானவர்கள் வாசித்துக்கொள்ளுங்கள்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கொழும்பில் ஓட்டோமொபைல் அசோசியேஷன் ஒஃப் சிலோனில் எடுத்தேன். போன நாளிலேயே கையில் தந்தார்கள், கனடாவில் அது கேட்கப்பட்ட இடமெல்லாம் செல்லுபடியாகியது. ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுப்பேன். ஆனால் அங்கே போவதற்கு முன் ஊரில் ஒரு இடத்தில் இதே பெயரில் வேறொன்றுக்குக் காசு கட்டி ஏமாந்துவிட்டேன். இதை எழுதுவதற்கு முக்கிய காரணமே அதுதான், ஏனென்றால் அந்த அறிவித்தல் பலகை இன்னும் அங்கேயே தொங்குகிறது.

தங்கச்சிக்கு இரண்டாவது பிள்ளை கிடைக்கப் போகிறது, மூத்தவனுக்கு ஆறு வயது, அவளுடைய கணவருக்கு இரவு வேலை. பிள்ளைப்பேறு பார்க்க நான் போவதென்று முடிவானதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "அக்கா, நீங்கள் கார் ஓடினால் எங்களுக்குப் பாதிச் சுமை குறையும்." ஊரில் பதினொரு வருடமாகக் கார் ஓடுகிறேன், மழைகாலத்தில் கந்தளாய் பாதையிலும் ஓடியிருக்கிறேன், அதனால் ஓடுவதைப் பற்றிய பயம் இல்லை. சட்டம் என்ன சொல்கிறது என்பதுதான் கேள்வி. ஸ்காபரோ இருப்பது ஒன்ராறியோ மாகாணத்தில். பார்வையாளராகப் போகிறவர் மூன்று மாதத்துக்குள் திரும்புவதென்றால் சொந்த நாட்டு லைசன்ஸோடு ஓடலாம், மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் சர்வதேச அனுமதிப்பத்திரமும் வேண்டும். நம் லைசன்ஸில் ஆங்கிலமும் இருக்கிறதுதானே, அது போதும் என்று நினைத்துப் போகிறவர்கள் நிறையப் பேர், முதல் மூன்று மாதம் அது சரிதான், நான்காவது மாதத்தில் ஒரு சின்ன இடி பட்டாலும் காப்புறுதிக்காரர் கேட்கும்போது கையில் ஒன்றும் இருக்காது. நான் நிற்கப் போவது ஐந்து மாதம். ஆகவே எடுத்தே ஆக வேண்டும்.

இங்கேதான் அந்த ஊர்க் கடை வருகிறது. டிக்கெட் போடுகிற, படிவம் நிரப்புகிற கடை, பெயர் எழுதவில்லை. 'இன்டர்நேஷனல் லைசன்ஸ், 3 வருடம்' என்று வாசலில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். உள்ளே இருந்த பையன் மிகவும் மரியாதையாகத்தான் பேசினான். என் லைசன்ஸை இரண்டு பக்கமும் கைத்தொலைபேசியில் படம் எடுத்தான், வெள்ளைச் சுவரில் சாய்த்து என்னையும் ஒரு படம் எடுத்தான், காகிதத்தில் ஒரு கையெழுத்து வாங்கினான், எல்லாவற்றையும் ஏதோ ஒரு இணையத்தளத்தில் ஏற்றினான். கொழும்புக்குப் போகத் தேவையில்லை என்றதும் எனக்கும் பெரிய ஆறுதல், பாதை வழியே 260 கிலோமீற்றர் அளவில் போய் வருகிற வேலை மிச்சம் என்று நினைத்தேன். இரண்டு கிழமையில் கூரியரில் ஒரு பிளாஸ்டிக் அட்டையும் ஒரு சின்னப் புத்தகமும் வந்தன. பூமிப் பந்து படம், வெயிலில் மின்னுகிற ஸ்டிக்கர், பல மொழிகளில் எழுத்து, பார்க்க நன்றாகவே இருந்தது. படம் எடுத்து ஸ்காபரோவுக்கு அனுப்பினேன். அன்று இரவே தங்கச்சியின் கணவர் அழைத்தார்: "அக்கா, இதை எந்த நாடு தந்ததென்று எங்கேயுமே இல்லையே."

புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உண்மைதான். இலங்கை என்ற பெயரே இல்லை. முத்திரை ஏதோ ஒரு பயணச் சங்கத்தின் பெயரில் இருந்தது. அன்றிரவு இருந்து வாசித்ததில்தான் விஷயம் விளங்கியது. சர்வதேச அனுமதிப்பத்திரம் என்பது 1949ஆம் ஆண்டு செப்டெம்பர் 19ஆம் திகதி ஜெனீவாவில் கைச்சாத்தான வீதிப் போக்குவரத்து உடன்படிக்கையிலிருந்து வருகிற ஆவணம். இலங்கை 1957இல் அதில் சேர்ந்தது, கனடா 1965இல் சேர்ந்தது. அதைக் கொடுக்கக்கூடியது ஒரு நாட்டின் அரசாங்கம், அல்லது அந்த அரசாங்கம் அதிகாரம் கொடுத்த சங்கம் மட்டும்தான். இணையத்தில் யாரோ அச்சடித்து விற்க முடியாது. அந்த உடன்படிக்கைப்படியான புத்தகம் செல்லுபடியாவது வழங்கிய திகதியிலிருந்து ஒரு வருடம். அப்படியிருக்க மூன்று வருடம் என்று ஒரு கடை எழுதிப் போட்டிருந்தால் அதிலேயே நாம் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பத்து வருடம், இருபது வருடம் என்றெல்லாம் விற்கிற தளங்களும் இருக்கின்றன, அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழுவே இந்த வகை மோசடியைப் பற்றி மக்களை எச்சரித்திருக்கிறது. கடைக்குத் திரும்பப் போய்க் கேட்டேன். "நாங்கள் எடுத்தது சேவைக் கட்டணம் மட்டும், மிஸ்" என்றான் பையன். காசு திரும்பி வரவில்லை. காசைவிட என்னைச் சுட்டது வேறொன்று: அந்த அட்டையை நம்பி, ஆறு வயதுப் பிள்ளையைப் பின்னால் வைத்துக்கொண்டு, காப்புறுதி செல்லாத காரை அந்த நாட்டுப் பாதையில் ஓடியிருப்பேன்.

சரி, கொழும்புக்கு வருவோம். விசா ஒட்டிய கடவுச்சீட்டை எடுக்க எப்படியும் போக வேண்டியிருந்தது, இரண்டையும் ஒரே பயணத்தில் வைத்துக்கொண்டேன். இரவு ரயிலில் ஏறி, விடியப்புறம் கோட்டையில் இறங்கி, முகம் கழுவி, ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு, அலுவலகம் திறக்கும் மட்டும் காலிமுகத் திடலில் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். சங்கத்தின் அலுவலகம் அந்தத் திடலுக்குக் கிட்டத்தான், கொழும்பு மூன்றில். 1904இல் தொடங்கிய சங்கம் இது, இலங்கையில் கார்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவில் இருந்த காலம் அது.

உள்ளே போனதும் ஒரு படிவம் தந்தார்கள். கொண்டு போனவை: மூல லைசன்ஸ், அதன் இரண்டு பக்கப் பிரதி, அடையாள அட்டை, கடவுச்சீட்டு, கடவுச்சீட்டு அளவுப் படங்கள். படங்களைக் கூடுதலாகக் கொண்டு போங்கள், நான் ஆறு வைத்திருந்தேன், மற்ற வேலைகளுக்கும் உதவியது. படிவத்தை வாங்கிய பெண் முதலில் பார்த்தது என் லைசன்ஸின் முடிவுத் திகதியை. "மெடம், இது முடிய இன்னும் ஒன்றரை வருடம் இருக்கு, பிரச்சினை இல்லை" என்று சிங்களம் கலந்த தமிழில் சொன்னார், அந்த முயற்சியே எனக்கு மனதுக்கு இதமாக இருந்தது. ஏன் பார்த்தீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலைத்தான் இதை வாசிக்கிற எல்லாரும் நினைவில் வைக்க வேண்டும்: இந்தப் புத்தகம் தனியே நின்று லைசன்ஸ் ஆகாது, நம் லைசன்ஸ் உயிரோடு இருக்கும் வரைக்கும்தான் இதற்கும் உயிர், வெளிநாட்டில் ஓடும்போது இரண்டும் ஒன்றாகக் கையில் இருக்க வேண்டும். இலகு ரக வாகன லைசன்ஸை நாம் எட்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பதால் திகதியையே மறந்துவிடுகிறோம். டிக்கெட் போடுவதற்கு முன்பே அட்டையை எடுத்துப் பாருங்கள். கிட்டத்தில் முடிகிறதென்றால் மருத்துவச் சான்றிதழ் எடுத்து முதலில் அதைப் புதுப்பித்துவிட்டு அப்புறம் கொழும்புக்குப் போங்கள்.

காத்திருந்த நேரத்தில் பக்கத்தில் இருந்தவர் கிண்ணியாக்காரர், வான் ஓடுபவர். நம்மூர் ஆள் என்றதும் பேச்சு வளர்ந்தது. அவருக்கு வெளிநாட்டில் ஒரு உறவினரின் பதினைந்து பேர் ஏறுகிற வானை ஓட வேண்டும். அங்கேதான் வகுப்புகளைப் பற்றி நானும் சேர்ந்து படித்தேன். நம் அட்டையில் ஏ1, பி1, சி1, டி1 என்று நிறைய இருக்கும், ஆனால் அந்தப் புத்தகத்தில் இருப்பது ஏ, பி, சி, டி, ஈ என்று ஐந்துதான். ஏ என்றால் மோட்டார் சைக்கிள், வெறும் எடை 400 கிலோவுக்கு மேற்படாத மூன்று சில்லு வண்டியும் அதற்குள்தான், நம் ஓட்டோக்காரர்களுக்கு இது தெரிந்திருந்தால் நல்லது. பி என்றால் சாரதியைத் தவிர எட்டு இருக்கைக்கு மேற்படாத வாகனம், சாமான் ஏற்றுவதென்றால் 3,500 கிலோ வரை. சி அதற்கு மேற்பட்ட லொறி. எட்டு இருக்கைக்கு மேல் ஆட்கள் ஏறுகிற எதுவும் டி. ஈ என்பது பின்னால் பாரமான இழுவை பூட்டிய வாகனம். ஆகவே அந்த அண்ணனுக்கு வெறும் பி முத்திரை போதாது, டி வேண்டும். அவருடைய அட்டையில் டி1 இருந்ததால் அவர் தப்பினார். நம் லைசன்ஸில் இல்லாத வகுப்பைப் புத்தகத்தில் யாரும் கூட்டித் தர முடியாது.

பெயரைக் கூப்பிட்டார்கள், போய் வாங்கினேன். சாம்பல் நிற மட்டை, கடவுச்சீட்டைவிடக் கொஞ்சம் பெரிது, மிகச் சாதாரணமான காகிதப் புத்தகம். அந்த மின்னுகிற பிளாஸ்டிக் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தால் இதைத்தான் போலி என்று நினைப்பீர்கள். மட்டையில் நாட்டின் பெயர், உடன்படிக்கையின் திகதி, வழங்கிய இடம், திகதி, சங்கத்தின் முத்திரை. உள்ளே ஒவ்வொரு மொழியிலும் அதே வகுப்பு விபரம், கடைசிப் பக்கத்தில் என் படம், பெயர், பிறந்த இடம் திருகோணமலை, ஐந்து கட்டங்களில் பி வகுப்புக்கு நேரே மட்டும் முத்திரை. இன்னொரு பகுதியும் இருக்கிறது, ஒரு நாடு உங்களை ஓடக்கூடாதென்று தடுத்தால் அதைப் பதியும் இடம். அதைப் பார்த்ததும் பாதையில் கவனமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் தானாக வந்தது. அங்கேயே நின்று பெயர் எழுத்து, பிறந்த திகதி எல்லாம் கடவுச்சீட்டோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வாருங்கள், ஒரு எழுத்துக்காகத் திரும்பக் கொழும்புக்குப் போக முடியாது. கட்டணத்தை நான் எழுதவில்லை, இன்று எழுதுகிற தொகை நாளை மாறிவிடும், போவதற்கு முதல் நாள் அவர்களையே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கட்டியது அந்த ஊர்க் கடைக்குக் கட்டியதைவிட மிகவும் குறைவு, ரயில் செலவைச் சேர்த்தாலும் குறைவுதான்.

ஒரு வருடக் கணக்கு வழங்கிய திகதியிலிருந்து ஓடத் தொடங்கும், நாம் விமானம் ஏறும் நாளிலிருந்து அல்ல. ஆகவே ஆறு மாதத்துக்கு முன்பே எடுத்து வைத்தால் அரை வருடம் அலுமாரியிலேயே போய்விடும். நான் பயணத்துக்கு மூன்று கிழமைக்கு முன் எடுத்தேன்.

கனடாவில் என்ன நடந்தது என்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்த மதிப்பீடு பாதிதான். முதல் வேலை காப்புறுதி. தங்கச்சியின் காரில் இடைக்கிடை ஓடுகிறவராக என் பெயரைச் சேர்க்க முகவர் கேட்டது லைசன்ஸும் இந்தப் புத்தகமும், இரண்டையும் படம் பிடித்து அனுப்பினோம், சேர்த்தார்கள். இதைச் செய்யாமல் 'ஒரு சுற்றுத்தானே' என்று சாவியை வாங்கி ஓடாதீர்கள். அங்கே வலப்பக்கம் ஓட்டம், ஸ்டியரிங் இடப்பக்கம். முதல் இரண்டு நாளும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வெறுமையாகக் கிடந்த ஒரு கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடத்தில் சுற்றிப் பழகினேன். சிக்னல் சிவப்பாக இருந்தாலும் முழுதாக நிறுத்திப் பார்த்துவிட்டு வலப்பக்கம் திரும்பலாம், தடை என்று பலகை போட்ட இடத்தில் மட்டும் கூடாது. நாலு பக்கமும் நிறுத்தற் பலகை இருக்கிற சந்தியில் முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். அதை எல்லாரும் பொறுமையாகக் கடைப்பிடிப்பதைப் பார்த்தபோது நம் திருகோணமலை அநுராதபுரச் சந்தி கண்ணுக்குள் வந்து போனது. மஞ்சள் பாடசாலை பஸ் சிவப்பு விளக்கை மின்னவிட்டு நின்றால், நடுவில் திட்டு இல்லாத பாதையில் எதிர்ப்பக்கத்தில் வருகிறவரும் நிற்கத்தான் வேண்டும். நிற்காவிட்டால் முதல் தடவைக்கே 400 டொலரிலிருந்து 2,000 டொலர் வரை தண்டம், லைசன்ஸில் ஆறு குற்றப் புள்ளியும் ஏறும். தங்கச்சியின் மூத்தவன் படிக்கும் பள்ளிக்கூடப் பாதையில் இதை நான் தினமும் கண்டேன், ஒரு பஸ்ஸுக்காக இரண்டு பக்கமும் பத்துப் பதினைந்து கார்கள் அசையாமல் நிற்கும்.

டிசம்பர் கடைசியில், என் மூன்று மாதம் முடிந்து சில கிழமைக்குப் பிறகு, இரவு ஏழு மணியளவில் பொலிஸார் வரிசையாகக் கார்களை நிறுத்திப் பார்த்தார்கள், பண்டிகைக் காலத்தில் குடித்துவிட்டு ஓடுகிறார்களா என்று சோதிக்கும் வழக்கமான நிறுத்தம்தான். லைசன்ஸைக் கேட்டார். கொடுத்தேன். எப்போது வந்தீர்கள் என்றார், செப்டெம்பர் என்றேன். உடனே அடுத்த கேள்வி இதுதான்: சர்வதேச அனுமதிப்பத்திரம் இருக்கிறதா? புத்தகத்தைக் கொடுத்தேன், கடைசிப் பக்கத்தை விரித்து டோர்ச் அடித்துப் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நன்றி சொல்லித் திருப்பித் தந்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. பின்னால் பிள்ளை நித்திரை. அந்த அரை நிமிடத்துக்காகத்தான் நான் இரவு ரயிலில் போய் வந்தேன் என்று அப்போது தோன்றியது.

நிரந்தரமாகக் குடியேறப் போகிறவர்களுக்கு இந்தப் புத்தகம் தீர்வு அல்ல, இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஒன்ராறியோவில் குடியேறியவர் 60 நாள்தான் வெளிநாட்டு லைசன்ஸில் ஓடலாம், அதற்குள் அவர்களுடைய லைசன்ஸுக்கு மாற வேண்டும். அப்படிப் போகிறவர்கள் நம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் எத்தனை வருடமாக லைசன்ஸ் வைத்திருக்கிறோம் என்று உறுதிப்படுத்தும் கடிதத்தை எடுத்துக்கொண்டு போனால் அனுபவ வருடங்களைக் கணக்கில் எடுப்பார்கள், அங்கே ஓட்டப் பரீட்சைக்குக் காத்திருக்கும் காலம் நிறையக் குறையும். துபாயிலும் வதிவிட விசா வந்த பிறகு சர்வதேச புத்தகத்தோடு ஓட முடியாது, அந்த நாட்டு லைசன்ஸ் எடுக்க வேண்டும். சீனா இந்தப் புத்தகத்தை ஏற்பதே இல்லை. ஜப்பானுக்குப் போகிற பிள்ளைகள் இப்போது நம் பகுதியில் அதிகம், அவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: ஜப்பான் ஏற்பது இந்த 1949ஆம் ஆண்டுப் புத்தகத்தைத்தான், நம்முடையது அதுவே. ஆனால் இறங்கிய நாளிலிருந்து ஒரு வருடம் வரைக்கும்தான், அப்புறம் ஜப்பான் லைசன்ஸுக்கு மாற்ற வேண்டும். 2025 ஒக்டோபரிலிருந்து அந்த மாற்றுப் பரீட்சையைக் கடினமாக்கிவிட்டார்கள், முன்பு பத்துக் கேள்வி, இப்போது ஐம்பது, அதில் தொண்ணூறு வீதம் சரியாக இருக்க வேண்டும். வருடம் முடியும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்காமல் போன கையோடு படிக்கத் தொடங்குங்கள்.

எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது, அதைக் கேட்கிறவர்கள் குறைவு. விடுமுறைக்கு ஊருக்கு வருகிற நம் உறவுகள் உப்புவெளியில் ஸ்கூட்டர் எடுத்து நிலாவெளிப் பக்கம் ஓடித் திரிகிறார்கள், லண்டன் லைசன்ஸ் இருக்கிறதுதானே என்கிறார்கள். அது போதாது. பிரித்தானியாவில் 1949ஆம் ஆண்டுப் புத்தகத்தைத் தெருமுனைக் கடையிலேயே ஐந்தரைப் பவுணுக்கு எடுக்கலாம், அதோடு இங்கே நான் சொன்ன அதே சங்கத்தில் அங்கீகாரப் பத்திரமும் எடுக்க வேண்டும். 2025 ஆகஸ்டிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே வெளிநாட்டவருக்குத் தற்காலிக லைசன்ஸ் கொடுக்கும் கருமபீடம் திறந்திருக்கிறார்கள், வந்து இறங்கியதும் முடித்துவிட்டு வரலாம். ஆடி மாதம் அக்காவின் மகன் லண்டனிலிருந்து வருகிறான், இதையெல்லாம் அவனுக்கு எழுதி அனுப்பினேன். "சித்தி, எனக்கு அப்போ ஸ்கூட்டர் எடுக்கலாம்தானே" என்று கேட்டான். லைசன்ஸைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். கார் வகுப்பு மட்டும்தான் இருக்கிறது. புத்தகத்தில் ஏ வகுப்புக்கு நேரே முத்திரை விழாது, ஸ்கூட்டர் கிடையாது, கார் எடுப்போம், நானும் முன் இருக்கையில் கூட வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.